வேண்டாம் என்ற செனட்டர்

பிலடெல்பியாவின் ஜூலை வெயிலில் ஹோட்டல் அறை அடுப்பாகத் தகித்தது. செனட்டர் க்ளெமென்ட் ஹாடிக்ஸ் பனியனோடு டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள்தான் கட்சி மாநாடு கவர்னர் லூமிஸை ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அவரோடு துணை ஜனாதிபதிக்கு நிற்கப்போவது ஹாடிக்ஸ்தான் என்று அவருடைய மாநிலத்து மிசௌரிக்காரர்கள் அவர் பெயரைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அவருக்கும் கொள்ளை ஆசை. அது எவ்வளவு என்று மனைவி வெர்னாவுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தப் பதவியை வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை. யாராவது விசாரித்தால் முகத்தைச் சுளித்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் கட்சி கெஞ்சும். நாட்டுக்காக என்று தலையாட்ட வேண்டும்.

காலையில் ரேடியோக்காரர்களிடம் ஹாடிக்ஸும் வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் சிரித்ததும் வாய் நிற்கவில்லை. "அதெல்லாம் ஒரு வேலையா? மேல இருக்கற ஜனாதிபதி இருமுறாரான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். எங்க பண்ணைக் கழுதைக்கே அதைவிட ஜோலி ஜாஸ்தி."

"கழுதை வரைக்கும் போயிருக்க வேணாம், க்ளெம்," என்றாள் அறையில் கூட இருந்த வெர்னா.

"எல்லாரும் சொல்றதுதானே. லூமிஸுக்குத் தெரியாதா?"

"எல்லாரும் வேணாம்னு சொல்லிட்டு வாயை மூடிக்குவாங்க. நீ கைதட்டலும் வாங்கிட்டு வந்திருக்க."

டெலிபோன் அடித்தது. பேசியது லூமிஸின் ஆள் கெஸ்லர். ஹாடிக்ஸ் எழுந்து நின்று பேசினார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னவாம்?"

"கவர்னர் ரேடியோ கேட்டாராம். இவ்வளவு வெறுக்கற ஆளை வற்புறுத்தறது பாவம்னு சொல்லிட்டாராம். அடீலா க்விஸ்டைப் போட்டுட்டாங்க."

கன்சாஸ் எம்.பி. அடீலா க்விஸ்டிடமும் அதே ரேடியோக்காரர்கள்தான் போயிருந்தார்கள். "கொடுத்தா வாங்கிக்குவேன். இல்லைன்னா இந்த வேக்காட்டுல எதுக்கு வந்து நிக்கறேன்?" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. லூமிஸ் அசந்துபோனாராம்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் ஹாடிக்ஸ். "அந்தம்மா பேரை மேடையில நான்தான் முன்மொழியணுமாம். எனக்குத்தான் இதுல ஆசையே இல்லையேன்னு காரணம் சொல்றாங்க."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, சட்டையை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் மேடையில் அவர் ஏறியதும், இன்னொரு கழுதைக் கதை வரும் என்று கூட்டம் காத்திருந்தது. "காலையில நான் சொன்னது பொய்," என்றார் அவர். "எனக்கு இந்தப் பதவி ரொம்ப வேணும்னு இருந்துச்சு. கேக்கறதுக்குக் கூச்சம். க்விஸ்ட் அம்மா கூச்சப்படல. அதனால அவங்களுக்கே ஓட்டுப் போடுங்க."

மிசௌரிக்காரர்களே முதலில் எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கைதட்டினார்கள். பின்வரிசையில் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நவம்பரில் லூமிஸும் க்விஸ்டும் ஜெயித்தார்கள். துணை ஜனாதிபதிதான் செனட் சபைக்குத் தலைவர். ஜனவரியில் சபை கூடியபோது உயர்ந்த நாற்காலியில் அடீலா க்விஸ்ட் இருந்தாள். கீழே தன் பழைய இடத்தில் ஹாடிக்ஸ். சோள விலை பற்றிய விவாதம். அவர் பாதி எழுவதும் உட்காருவதுமாக இருந்தார்.

"செனட்டர் ஹாடிக்ஸ், நீங்க பேசணுமா, வேணாமா?"

"பேசணும், மேடம்," என்று சட்டென்று எழுந்தார் ஹாடிக்ஸ்.