இறுக்கி மூடிய டப்பாக்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். கோளாறான பொருளைக் கண்டால் கை சும்மா இருக்காது. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் டாக்டரின் சாய்வு நாற்காலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, பல்லைப் பிடுங்காமலே திரும்பியவர் அவர்.

அன்று அவர் மகளின் வகுப்புக்கு வந்தது எதையும் சரிசெய்ய அல்ல, உட்கார்ந்து பார்க்க. மகளுக்கு ஆறு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த ஒரு வருடத்துக்கான திட்டத்தாளில் அன்று பதினோரு மணிக்கு அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், காத்திருக்கும் வேறு குழந்தைக்கு இடம் போய்விடும். அம்மா எப்போதோ தயார். அப்பாதான் முரண்டு.

“ரெண்டு மாசமா போறா. வீட்ல இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்காளா? வாயால வேண்டாம், கையையாவது காட்டியிருக்காளா?”

“நீங்க கேக்க விட்டாத்தானே? அவ ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாலே பாதி ஃபிரிட்ஜைக் கொண்டாந்து மடியில வச்சிடறீங்க.”

“பெத்தவன்னா அப்படித்தான் இருப்பான்.”

“ஒரு காலைப்பொழுது போய்ப் பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று பத்து வருடத்தில் அவர் கற்றிருந்தார். ஆகவே வந்துவிட்டார். சிட்டு வழக்கம்போல வேனில் வரட்டும் என்று விட்டுவிட்டு, மதிய வேலைக்கான கருவிப்பையோடு முன்னதாகவே வந்திருந்தார்.

“உக்காருங்க சார். வேன் வர இருபது நிமிஷம் ஆகும். நாங்க கேட்டுக்குப் போய்ப் பசங்களைக் கூட்டிட்டு வந்துடறோம்” என்று டீச்சர் கிளம்பினார். வகுப்பின் உதவியாளரும் கூடவே போனார். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்பார்கள்.

இருபது நிமிடம், தனியறை, கையில் கருவிப்பை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி ஆயிற்று.

முதலில் கண்ணில் பட்டது ரயில் பொம்மை. வட்டமான தண்டவாளத்தில் ஒரு துண்டைக் காணோம். அது அலமாரியின் உச்சியில் கிடந்தது. அடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே மணிகளும் கட்டைகளும் சோப்பு நுரை ஊதும் குப்பியும் ஆசை காட்டுகின்றன. மூடியோ, பெரியவர்களே பல்லைக் கடித்துத் திருக வேண்டிய இறுக்கம். ஓவிய மேசையில் வண்ணம் இருக்கிறது, தூரிகை இருக்கிறது, தாள் மட்டும் இல்லை. குழந்தைகள் ஏழு பேர் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாற்காலிகளை எண்ணினால் ஆறு.

“இது வகுப்பா, காயலான் கடையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பையைத் திறந்தார்.

பதினெட்டே நிமிடம். தண்டவாளம் சேர்ந்தது. பதினொரு மூடிகளுக்கும் எண்ணெய் போட்டு, விரல் பட்டால் சுழலும்படி செய்தார். தாள்கள் மேசைக்கு வந்தன. பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியும் வந்தது.

குழந்தைகள் வந்தார்கள். ராக்கெட் என்று பட்டப்பெயர் பெற்ற பையன் ரயிலை ஓட்டினான். அது சுற்றியது, அவனும் கூடவே சுற்றினான். மற்றவர்கள் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சிட்டு அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு நுரைக் குப்பியோடு ஒதுங்கிவிட்டாள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவர் பெருமையோடு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. “யாரு பண்ணினது இது?”

“நான்தாங்க. காசெல்லாம் வேண்டாம்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

“சார், அதையெல்லாம் நாங்களே பாத்துப் பாத்துக் கெடுத்து வச்சிருந்தோம்!”

இந்த வகுப்பு எப்படி ஓடுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தை பிறரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால், கேட்பதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும். அதனால்தான் மூடி இறுகியிருக்கும், தண்டவாளம் குறையும், நாற்காலி ஒன்று பற்றாது. தவிக்க விடுவதற்காக இல்லை. சுவரில் படம் போட்ட அட்டைகள் ஒட்டுப்பட்டையில் தொங்கும். திறக்க முடியாத குழந்தை ‘உதவி’ அட்டையைப் பிய்த்துவந்து கொடுக்கும். கொடுத்த மறுகணமே உதவி கிடைக்கும். அட்டை வரும்வரை பெரியவர்கள் மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால், விரலால் அட்டையைச் சுட்டிக்காட்டுவார்கள். பேச்சு வருவதற்கு அட்டை தடையில்லை. பேச்சுக்கு முன்னே போகும் வண்டி அது.

மெக்கானிக்குக்குச் சட்டென்று பிடிபட்டது. “அதானே! லிஃப்ட் எல்லா மாடியிலயும் தானா நின்னா எவன் பட்டனை அமுக்குவான்?”

“ரொம்பச் சரி. அப்ப இதையெல்லாம் பழையபடி ஆக்குங்க.”

“என்னது?”

“கெடுத்து வைங்க சார்.”

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அப்படி ஒரு வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. மூடிகளின் எண்ணெயைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினார். சோதித்துப் பார்த்த அக்கா கத்தினார்: “ஐயோ சார், திறக்கவும் வேணும்! இது நம்ம பரம்பரைக்கே திறக்காது போலிருக்கே!”

பிறகு டீச்சர் அவரைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். “ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. மூஞ்சியாலயும் உதவி பண்ணக் கூடாது.”

சிட்டு நுரைக் குப்பி இருந்த டப்பாவைத் திருகினாள். வரவில்லை. அப்பாவின் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். வீட்டில் அவ்வளவுதான் வேலை. மீதியை அவர் செய்துவிடுவார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கில் அவருடைய நெற்றி வியர்த்தது. ஆறில் சிட்டு சிணுங்கினாள். “பாவங்க” என்றார் அவர். “பொறுங்க” என்றார் டீச்சர். பத்தில் டீச்சரின் விரல் மட்டும் சுவரைக் காட்டியது.

சிட்டு போய் அட்டையைப் பிய்த்தாள். திரும்பி வந்தாள். அப்பாவைத் தாண்டி நடந்து, அக்காவிடம் நீட்டினாள்.

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் அவரைக் காட்டினார். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவைத் தட்டச் சொன்னால் எப்படிப் பார்ப்போம்? சிட்டு அப்பாவை அப்படிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, தொடைக்கு அடியிலிருந்து அவர் கையை இழுத்து எடுத்து, உள்ளங்கையில் அட்டையை அழுத்தினாள்.

“இந்தா கண்ணு, இந்தா.” மூடி திறந்தது. நுரை பறந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

டீச்சர் மூடியை மறுபடி மூடினார். “முதல் தடவை தற்செயலா இருக்கலாம் சார். அடுத்த தடவைதான் பாடம்.”

பதினோரு மணிக்கு அம்மா வேலையிடத்திலிருந்து மூச்சிரைக்க, வாதாடத் தயாராக வந்து நின்றாள். கணவர் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“சும்மா இரு. ஏழு… எட்டு…”

ஒன்பதில் அட்டை வந்தது. யாரும் சுவரைக் காட்டவில்லை. அம்மா பேச வந்ததை மறந்து, கைப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் திட்டத்தாளை விரித்துப் படித்தார்: “வகுப்பில் சிட்டு ஒரு நாளைக்கு ஐந்து முறை தானாக உதவி கேட்பாள்.”

“வீட்டிலும்னு சேருங்க. எனக்கும் ஒரு செட் அட்டை வேணும்” என்றார் மெக்கானிக்.

“இவர் சும்மா இருப்பார்னும் எழுதுங்க டீச்சர். அதுதான் கஷ்டமான பாடம்” என்றாள் மனைவி.

டீச்சர் சிரிக்காமல் எழுதினார்: “வீட்டில் அப்பா பத்து எண்ணும்வரை காத்திருப்பார். மூன்று மாதத்துக்குள் இதைப் பழகிவிடுவார்.”

மெக்கானிக் பேனாவை வாங்கினார், தயங்கினார். “டீச்சர், கை மேல உக்காந்துக்கிட்டா பத்து தாங்கும். கை வெளியில இருந்தா நாலுதான். நாலுல ஆரம்பிக்கலாமா?”

“தாராளமா. இங்க எல்லாரையும் அவங்கவங்க முடியற இடத்துலேர்ந்துதான் ஆரம்பிப்போம்.”

டீச்சர் பத்தை அடித்து நான்கு என்று எழுதினார். அதன் கீழே மெக்கானிக் கையெழுத்துப் போட்டார்.