எங்கே என்கிற கேள்வி

கடற்கரையில் யாரையும் எதையும் கேட்கலாம். சம்பந்தி வீட்டுச் சண்டையைக் கேட்கலாம், வயதைக்கூடக் கேட்கலாம். மீன் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வரும், ஆனால் பொய்யாக வரும். கேட்டவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வேறு பக்கம் போய்விடுவான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

இது தெரியாத ஒருவர் வந்து, மீன் இறங்குதளத்து மாடி அறையில் செய்தி எழுதப் பயிற்சி நடத்தினார். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று பலகையில் எழுதி, ‘எங்கே’க்குக் கீழே மட்டும் அழுத்திக் கோடு போட்டார்.

ஐஸ் அக்காவுக்குப் பொறி தட்டியது.

இறங்குதளத்தில் ஐஸ் உடைத்து விற்பவள் அவள். எந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, குரல் கணீரென்று ஆகியிருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் அவளைப் பயிற்சியில் சேர்த்தார்கள். கடல் மாறுவதையும் பிழைப்பு மாறுவதையும் கரைக்காரர்களே செய்தியாகப் படிக்க வேண்டும். வாராவாரம் அது எல்லோர் போனுக்கும் போகும். நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் காலத்தில் எவன் சும்மா வந்து நல்லது செய்கிறான்?

“சார், எங்கேன்னு சொல்லாம செய்தி சொல்ல முடியாதா?”

“இடம் இல்லேன்னா அது செய்தி இல்லம்மா, வதந்தி.”

“நாங்க சொல்ற இடத்தை வேற யாரு பார்ப்பாங்க?”

“நான்தான் பார்ப்பேன். சரிபார்க்க.”

சரிபார்க்கவாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

மறுநாளே டீக்கடையில் அவரைப் பெரிய விசைப்படகு முதலாளியோடு பார்த்தாள். முதலாளி அவர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். போதாதா? அவள் கணவருக்கு ஒரு சின்னப் படகு, தம்பிக்கு ஒரு சின்னப் படகு. விசைப்படகு ஒருமுறை வந்து வாரிக்கொண்டு போனால் இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். நம் வாயாலேயே நம் இடத்தைப் பிடுங்கத்தான் இந்த வகுப்பு என்று முடிவுகட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் புயல் அடித்து, அலைத்தடுப்புக் கற்களைக் கடலுக்குள் உருட்டிவிட்டது. கணவர் கிழிந்த வலையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“தெற்கே, பழைய ஐஸ் கிடங்குக்கு நேரா கல்லு கிடக்கு. வலை போட்டா கிழிஞ்சிரும். ஆனா கல்லைச் சுத்தி மீன் அடைஞ்சு கிடக்கு. தூண்டில் போட்டா அத்தனையும் நமக்குத்தான். வெளிய மூச்சு விடாதே.”

அந்த வாரம் செய்தி படிக்க வேண்டியவள் அவள். கல் கிடப்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வடக்கே, கலங்கரை விளக்கத்துக்கு நேராகக் கல் கிடக்கிறது என்று கணீரென்று படித்துவிட்டாள். நம்ம ஆட்கள் எவனும் ‘எங்கே’யை நம்பமாட்டான், கல்லடி மீனைத் தேடி வடக்கே போய் ஏமாந்தால் முதலாளிதான் ஏமாறுவார் என்பது அவள் கணக்கு.

“கேட்டுச் சரிபார்த்தீங்களாம்மா?”

“எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன் சார்.”

கேட்டது உண்மைதானே.

இரண்டொரு நாளில் தம்பி ஐஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கயிறு உரித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. காலடியில் அவனுடைய ஒரே வலை கந்தலாகக் கிடந்தது.

“படகே கவிழப் பார்த்துச்சுக்கா. தப்பிச்சதே பெருசு.”

“எங்கடா போட்டே?” தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

“கிடங்குக்கு நேரா. வடக்கே கல்லுன்னு நீதானே சொன்னே? அதான் தெற்கே போனேன்.”

“யாரு இடம் சொன்னாலும் நம்பக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“கரையில சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன். நீ செய்தியில இல்ல படிச்சே?”

அவள் எந்திரத்தை அணைத்துவிட்டு மாடி ஏறினாள். பயிற்சி நடத்துகிறவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்த முதலாளியோடு என்ன பேச்சு என்று முகத்துக்கு நேரே கேட்டாள்.

“மருமகளை வகுப்புல சேர்க்கணும்னு கேட்டாரும்மா.”

அதையும் அவள் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் போனை வாங்கி, செய்தியாகவே பேசினாள்: “போன தடவை நான் சொன்ன இடம் பொய். தெரிஞ்சேதான் சொன்னேன். கல்லு தெற்கே, பழைய ஐஸ் கிடங்குக்கு நேரா கிடக்கு. அங்க யாரும் வலை போடாதீங்க.”

கணவர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இடம் போனது போனதுதான். தம்பியாவது மனசு ஆறுவான் என்று அவன் வீட்டுக்குப் போனாள். அவன் போனில் செய்தியை முழுசாகக் கேட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“இந்தக் கல்லைத்தான் என் வலையே காட்டிருச்சே. நீ இன்னும் சொல்லாத கல்லு எங்கேக்கா?”

“வேற கல்லே இல்லடா. சத்தியமா இல்ல.”

“சரிக்கா” என்று தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.