உங்களுக்குப் பிடிக்கலாம்

நூலகம் திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் எனக்கே எனக்கானது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசகர்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை மேசையில் பரப்பி, மடிந்து கிடக்கும் பக்க முனைகளை நகத்தால் நீவி நிமிர்த்துவேன். பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்கும். யாராவது சீக்கிரமே வந்து கதவைத் தட்டினால் காது கேட்காதவள்போல இருந்துவிடுவேன். நூலகருக்கு அந்த அளவு திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

தம்பி போன பிறகு அந்த அரை மணியில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அவனுடைய வாசகர் கணக்கைத் திறப்பேன்.

எங்கள் நூலகத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைத் திறந்தால் கீழே ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று ஒரு வரிசை வரும். நாம் என்ன எடுத்தோம், எதைத் தேடினோம் என்று பார்த்து மிஷினே சில புத்தகங்களின் அட்டைப் படங்களை அங்கே நிறுத்தி வைக்கும். தம்பியின் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். விஷங்கள், கலங்கரை விளக்கங்கள், மூழ்கிய கப்பல்கள், தேனீக்கள். ஆனால் அவன் பிழைப்புக்கு வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. கடையைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்து, என் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

“பாத்தியாக்கா? உன் மிஷினுக்கு என்னைப் பத்தி உன்னைவிட நல்லா தெரியுது.”

“பிடிச்சிருந்தா எடு. இல்லன்னா இடத்தைக் காலி பண்ணு, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்பேன். அவன் எடுத்துப்போகும் புத்தகங்கள் எல்லாம் முனை மடிந்துதான் திரும்பி வரும். அதற்காக நான் அவனைத் திட்டாத வாரம் கிடையாது. “நூலகர் தம்பி பண்ற வேலையாடா இது?” என்றால், “நூலகர் தம்பி பண்ணாம வேற யார் பண்ணுவா?” என்பான்.

ஒரு மத்தியானம் கடையிலேயே சரிந்து விழுந்தான். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் குடியிருந்த வீட்டில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். கடை கைமாறிவிட்டது. அவனுடைய போன் நம்பர்கூட யாரோ ஒரு ஆளுக்குப் போய்விட்டது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்ட குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். அவனுடைய சாயலில் மிஞ்சியிருந்தது அந்த வரிசை ஒன்றுதான்.

உறுப்பினர் இறந்துவிட்டால் கணக்கை உடனே ரத்து செய்ய வேண்டும். மற்ற குடும்பங்களுக்கு அதை நான்தான் செய்வேன், நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி. தம்பிக்கு மட்டும் கை வரவில்லை. ஆறு மாதம் யாரும் தொடாத கணக்கை மிஷினே அழித்துவிடும் என்பதால், அவ்வப்போது அவன் உறுப்பினர் அட்டையில் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்திருந்து திருப்பிவிடுவேன்.

பிறகுதான் அது ஆரம்பித்தது.

எனக்கு முழங்கால் வலி. ஒருநாள் காலை அவன் கணக்கைத் திறந்தால், விஷங்கள் இருந்த இடத்தில் முழங்காலுக்கான உடற்பயிற்சிப் புத்தகம். தம்பி ஜென்மத்தில் உடற்பயிற்சி செய்தவன் இல்லை. தற்செயல் என்று விட்டேன். அடுத்து என் பால்கனி மிளகாய்ச் செடியில் இலை சுருண்டது. வரிசையில் தொட்டிச் செடிகளின் நோய்கள் வந்து நின்றன. எனக்குத் தூக்கம் கெட்டது, தூக்கத்தைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வந்தன. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூடிய கதவுக்குள், வெறும் நாற்காலிகளுக்கு நடுவில், ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பயம்தான். ஆனால் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன்? அவன் அனுப்பியதை எல்லாம் அவன் அட்டையிலேயே எடுத்துப்போய் ஒரு வரி விடாமல் படித்தேன். மிளகாய்ச் செடிகூடப் பிழைத்துக்கொண்டது.

கடைசியாக வந்ததைப் பார்த்தபோதுதான் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். உடன்பிறந்தவரை இழந்தவர்களுக்கான புத்தகம் அது. செத்துப்போனவனின் கணக்கில், எனக்கு.

“டேய், நீயாடா?” என்று வாய்விட்டே கேட்டேன். பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தேன்.

அன்று பகலில்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாசகர் கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்து உட்கார்ந்த பெண்மணி அவர் பெயரில் மூன்று சமையல் புத்தகங்களுக்கு முன்பதிவு செய்துவிட்டார். தபால்காரரைப் பிடித்து வைத்துக் காய்ச்சி எடுத்தேன். வெளியேற மறக்காதீர்கள் என்று ஒவ்வொரு திரைக்கு மேலும் ஒட்டி வைத்திருப்பவள் நான். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ‘ஒயர்’ என்பவரைக் கூப்பிட்டு, சும்மா கிடக்கும் கணக்கு தானாக மூடிக்கொள்ள வழி செய்யச் சொன்னேன். எப்போதும் தோளில் ஒரு சுருள் ஒயர் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். முதலில் என் கவுன்டரில் உட்கார்ந்தார்.

“மேடம், இங்கயே ஒரு கணக்கு திறந்து கெடக்கு.”

“இருக்காது.”

“மாசக்கணக்கா மூடவே இல்ல. திரையில உங்க ஆபீஸ் பக்கத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு, அதான் தெரியல. நீங்க கவுன்டர்ல தேடினது பூரா இதுலதான் விழுந்திருக்கு. முழங்கால், மிளகாய், தூக்கம்…” அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. கணக்கு யாருடையது என்று பார்த்துவிட்டார். அவர் போட்டிருந்த கண்ணாடி தம்பி செய்து கொடுத்தது.

யாரிடமும் சொல்லவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்? தேடும் பெட்டியில் தட்டியிருக்கிறேன். வாசகர்களுக்கான திரையில் புத்தகத்தின் அட்டைப் படம் தெரியும் என்பதால் எப்போதும் அங்கேதான் தேடுவேன். காலையில் தம்பியைத் திறந்துவிட்டு, நாள் முழுக்க அவனுக்குள் உட்கார்ந்துகொண்டு என் வலிகளைத் தேடியிருக்கிறேன். அவன் எனக்கு எதையும் அனுப்பவில்லை. நான்தான் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறேன்.

“பழையபடி ஆக்க முடியுமா?”

“எதை வச்சு மேடம்? திருப்பித் தந்த புத்தகத்தோட விவரம் அன்னைக்கே அழிஞ்சிடணும்னு மீட்டிங்ல சண்டை போட்டதே நீங்கதான்.”

போட்டேன். யார் என்ன படிக்கிறார்கள் என்பது எவனுக்கும் தெரியக்கூடாது என்று மேசையைத் தட்டிப் பேசினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டு அழுவேன்.

ஒயர் வரிசையின் கடைசிக்குத் தள்ளிக் காட்டினார். அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

“இது மட்டும் பழசு. இன்னும் ரெண்டு தடவை நீங்க எதையாவது தேடினாலோ எடுத்தாலோ இதுவும் போயிடும். தொடாம அப்படியே விட்டா, ஆறு மாசத்துல கணக்கே போயிடும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நான் டீ குடிச்சிட்டு வரேன் மேடம்.”

அவர் போனதும் ரத்து என்ற இடத்தை அழுத்தினேன். காரணம் கேட்டது. அதுவரை அடுத்தவர்களுக்காகவே தேர்ந்தெடுத்த காரணத்தைத் தேர்ந்தெடுத்தேன். வரிசை அணைந்தது. ஆறுதல் சொல்லப் பக்கத்தில் எந்த நூலகரும் இல்லை.

பிறகு அலமாரிக்குப் போய் அந்தக் கலங்கரை விளக்கப் புத்தகத்தை எடுத்து என் அட்டையில் பதிந்துகொண்டேன். படு மோசமான புத்தகம். விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்பதையே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த எண்ணெய்க்கு நடுவில் ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. அவன் மடித்ததா, வேறு யாராவதா, இனிமேல் தெரிய வழியில்லை. வழியை அடைத்தவளே நான்தானே. நகம் தானாகவே முனைக்குப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டேன். புத்தகம் அந்த மடிப்போடுதான் அலமாரிக்குத் திரும்பியது.

மறுநாள் காலை ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காபியை வைத்துவிட்டு, முதல்முறையாக என் கணக்கைத் திறந்தேன். முழங்காலும் மிளகாயும் அதில் இல்லை. ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று ஒரு மூழ்கிய கப்பலும், பக்கத்தில் விஷங்களும் இருந்தன.

எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.