சஹனில் என் கை

...இந்தத் துப்பட்டியை நெய்தவன் நல்லா இருக்கணும், அல்லாஹ் அவனுக்குப் பரக்கத்துச் செய்யட்டும், இவ்வளவு அகலமாக அவன் நெய்திருக்காவிட்டால் என் வலது கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன், அரிக்கிறதே, யா அல்லாஹ், இப்போது அரிக்கக் கூடாது, கல்யாண வீட்டில் இத்தனை பெண்களுக்கு நடுவில் வறட்டு வறட்டென்று சொறிந்தால் என்ன பேசுவார்கள், மீமிசல் வாய் லேசுப்பட்ட வாயா... பேசட்டும், ஊர் பேசினால் எனக்கென்ன, ஒருத்தி காதில் மட்டும் விழக்கூடாது, அதோ தூணில் சாய்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறாளே செய்யதம்மாள், அவள் காதில். என் மகள் அஜீசாவைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கிறாள், இன்னும் வெறும் பேச்சுதான், நிச்சயம் ஆகவில்லை, பெண்ணைப் பெற்றவளுக்குக் குஷ்டம் என்று அவள் உதறிவிட்டுப் போய்விட்டால் அஜீசாவை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? குஷ்டம் இல்லை என்று எனக்குத் தெரியும், அறந்தாங்கி டாக்டரம்மாவுக்குத் தெரியும், சிவந்து வெடித்து நீர் கசிகிற கையைப் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் நேற்று அந்தப் புத்திசாலித்தனம் பண்ணினேன். இந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடி மருதாணி வைத்தார்கள், நானும் ஒரு உருண்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கை, விரலிடுக்கு, புறங்கை என்று ஒரு இடம் விடாமல் அப்பினேன், நோயின் சிவப்பு மருதாணிச் சிவப்பில் கரைந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது... எரிந்தது பாருங்கள், நெருப்பை அள்ளிப் பிடித்த மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் கை நன்றாகத்தான் சிவந்திருந்தது, வீங்கியும் இருந்தது. வாசலில் நுழையும்போதே ஹாஜா முகைதீன் சம்சாரம், கல்யாணப் பெண்ணின் தாய், விரல் நுனியைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். "ஏ ஹவ்வா, மருதாணி இப்புடிச் செவந்து கெடக்கே, மச்சான் ஒம்மேல உசுராத்தான் இருக்காக போல!" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரர், ஜெகபர் அலி, பினாங்கில் கடை வைத்திருக்கிறார், போன நோன்புக்கு முன்னால் வந்ததுதான் கடைசித் தபால், அதற்கப்புறம் ஒரு வரி இல்லை, கப்பலில் வருகிறவர்களைக் கேட்டால் பார்க்கவில்லை என்கிறார்கள், ஆள் நல்லபடியாக இருக்கிறாரா என்பதே தெரியவில்லை, இதில் மருதாணி வந்து எனக்குச் சொல்லப்போகிறது... தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டி நேராக நடக்க ஆரம்பித்த காலத்தில்தான் இந்தக் கையும் ஆரம்பித்தது, முதலில் மோதிர விரல் இடுக்கில் சின்னதாக ஒரு தடிப்பு, கொசுக்கடி என்று நினைத்தேன்.

கழுவினால் போய்விடும் என்றும் நினைத்தேன். மீன் கழுவுகிற சாம்பலால் தேய்த்தேன், பிறகு கார்பாலிக் சோப்பு, பிறகு விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது கடலில் போய் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், தேய்க்கத் தேய்க்கப் படர்ந்தது, படரப் படரத் தேய்த்தேன். அஜீசாதான் அழுது அடம்பிடித்து அறந்தாங்கிக்கு பஸ் ஏற்றினாள், என் செல்லம், அவள் நூறு வயசு இருக்கணும். டாக்டரம்மா ஞானமணி, அவர்களும் நூறு வயசு இருக்கணும், என் கையைத் தன் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள், வெறுங்கையால், நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. "இது தொத்து வியாதி இல்லம்மா, பயப்படாதீங்க. கவலைய உள்ள போட்டு அமுக்குனா எங்கிட்டாவது வெளிய வரணும்ல? ஒங்களுக்குத் தோல்ல வருது. அத நீங்க தேச்சுத் தேச்சுப் பெருசாக்கி வச்சிருக்கீங்க." சாம்பல் வேண்டாம், சோப்பு வேண்டாம், குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், படுக்கும்போது பழைய வேட்டித் துணியைத் தளரச் சுற்றுங்கள், நன்றாகத் தூங்குங்கள், மனதில் இருப்பதை யாரிடமாவது பேசுங்கள்... தூங்கச் சொல்வதற்கா இம்புட்டுத் தூரம் வந்தேன் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன், நன்றிகெட்டவள் நான். எண்ணெய்க்குக் கேட்டது, வேட்டித் துணிக்கும் கேட்டது, அஜீசா மீனையும் பாத்திரத்தையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள், பாதிக் கை ஆறியே போனது. ஆறின கையில்தான் நேற்று மருதாணியை அப்பினேன், இதை டாக்டரம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? பேசச் சொன்னதை மட்டும் நான் செய்யவே இல்லை, யாரிடம் பேசுவது, எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் எடுத்துவைத்துக்கொண்டேன், மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட அங்கிட்டுப் போ என்று விரட்டினேன்.

சஹன் வருகிறது, நெய் வாசம் முன்னால் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தனி இலை கிடையாது, பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைப்பார்கள், சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை போடணும், அதுதான் சஹன், அந்த நாலில் ஒரு கை இந்தக் கையா... நோன்பு என்று சொல்லிவிடலாமா, சீ, சோற்றுக்குப் பயந்து நோன்பிலா பொய் சொல்வது, வயிற்றுவலி என்று சொல்லலாம், நைசாக எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடலாம், எழுந்தே விட்டேன். "ஹவ்வா! எங்க போற? இங்கிட்டு வா, எம்பக்கத்துல ஒக்காரு." செய்யதம்மாள். இத்தனை பேர் பார்க்கச் சம்பந்தியாக வரப்போகிறவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா, போய் உட்கார்ந்தேன். மூக்கு வைத்த கெண்டியும், கழுவின தண்ணீரை ஏந்துகிற படிக்கமுமாகக் கைகழுவத் தண்ணீர் வந்தது, மூன்று பேர் கழுவியாயிற்று, என் முறை, இடது கையையா நீட்ட முடியும், பிஸ்மில்லாஹ் என்று துப்பட்டிக்குள்ளிருந்து எடுத்தேன். தண்ணீர் பட்டதும் மருதாணிக்குக் கீழே வெடிப்பு வாய் திறந்துகொண்டது, படிக்கத்தில் ரத்தம் சொட்டியது. எதிரே இருந்தவள் சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினவள் கெண்டியோடு அப்படியே நின்றாள், முடிந்தது, அஜீசா, என்னை மன்னித்துக்கொள் மகளே, உன் உம்மா கெடுத்துவிட்டாள்.

செய்யதம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விளக்குக்குக் கொண்டுபோகிற மாதிரி கிட்டே தூக்கிப் பார்த்தாள். "எம்புட்டு நாளா இப்புடி?" என் வாய் திறந்துகொண்டது, அடக்கி வைத்ததெல்லாம் தாறுமாறாக வந்தது, தபால் வரல மச்சி, அவுக இருக்காகளா இல்லையான்னே தெரியல, தூக்கமே இல்ல, தனித் தட்டுலதான் திங்கிறேன், அஜீசாவுக்கு ஒண்ணுமில்ல, அவ கை பூ மாதிரி இருக்கும், இது தொத்தாது மச்சி, டாக்டரம்மா சொல்லிட்டாக, தொத்தாது... "நான் கேட்டேனா, தொத்துமான்னு?" என்றாள் செய்யதம்மாள். "புண்ணுல போயி மருதாணிய அப்பிருக்கா பாரு, கூறுகெட்டவ. இந்தக் கைய வச்சுக் கறியில பெசஞ்சா எரியாதா? வாயத் தொற." கறியைப் பிய்த்து, நெய்ச்சோற்றில் உருட்டி, என் வாய்க்கு நேராக நீட்டினாள். இத்தனை பெண்கள் பார்க்கிறார்கள், கல்யாண வயதில் மகளை வைத்திருக்கிற நான் எப்படி வாயைத் திறப்பேன், திறந்தேன். அதே கையால் அவளும் ஒரு வாய் தின்றாள், மறுபடி எனக்கு. எதிரே இருந்தவளைப் பார்த்து, "ஏன்டி, கைய மடியில வச்சிருக்க? ஒனக்கும் ஊட்டணுமா?" என்றாள். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்துவிட்டுச் சோற்றில் கையைப் போட்டாள். நெய்ச்சோறா அது, என் கண்ணீரும் அதில்தான் விழுந்தது, உப்புக் கரிக்குதே என்று யாரும் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ், இந்தச் சோற்றை ஆக்கினவனுக்கும் பரிமாறினவளுக்கும் ஊட்டினவளுக்கும் நான் எந்த ஜென்மத்தில்... எங்கள் பேச்சில் ஜென்மம் இல்லை, இந்த ஒரு ஹயாத்துதான், இதிலேயே திருப்பிச் செய்துவிடணும்.

கை கழுவிவிட்டு எழும்போது செய்யதம்மாள் சொன்னாள், "நாளைக்கு அசர் தொழுதுட்டு வாரேன். நிச்சயத்துக்கு நாள் குறிக்கணும். ஒங்கையால தேத்தண்ணி போட்டு வையி." என் கையால். தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போனதும் முதலில் தம்ளர்களை எடுத்து வைக்கணும், நல்ல தம்ளர்கள், என் தனித் தம்ளர் வேண்டாம்... அந்தத் தம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னது யார்? அஜீசா சொல்லவில்லை, டாக்டரம்மா சொல்லவில்லை, ஊரில் ஒருத்தருக்கும் தெரியவே தெரியாது. பினாங்கிலிருந்து இன்னும் தபால் இல்லை, நாளைக்கும் தபால்காரர் நேராகத்தான் போவார், என்னவோ தெரியாது. கை மடியில் கிடக்கிறது, துப்பட்டிக்கு வெளியே, எல்லாரும் பார்க்க, எப்போது வெளியே வந்தது இது, நான் மூடவே இல்லையா இவ்வளவு நேரம்... அரிப்பு நின்றுவிட்டதா, இல்லை, அது பாட்டுக்கு அரித்துக்கொண்டுதான் இருந்ததா, நான்தான் கவனிக்கவில்லையா?