ஐந்தரை மணி நாடகம்

அஞ்சலாவின் கலைப்பயணம் ஜெர்மனியின் ஹம் நகரத் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் தொடங்கியது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவர் இன்னமும் நம்புகிறார். காணிக்கைப் பாட்டை அவள் இழுத்து, குழைத்து, கடைசியில் ஒரு கத்தலும் கத்தி முடிக்க, சனம் காணிக்கை போடவே மறந்துவிட்டதாம். அதற்குப் பெயர் கறுப்பின அமெரிக்கரின் சோல் (soul) இசை என்று ஜெர்மன்காரர் வந்து சொல்லும் வரை, வீட்டில் அதற்குப் பெயர் தொண்டைநோவு.

மேடை நாடகத்திலும் வாய்ப்புகள் கொட்டின. அகதிப் பெண், தாதி, துப்புரவுப் பெண், பிறகு மறுபடியும் அகதிப் பெண். பிறந்து வளர்ந்ததே ஹம்மில்தான் என்றால், "அருமை, கொஞ்சம் உடைந்த ஜெர்மனில் பேசிக் காட்டுங்கள்" என்பார்கள் இயக்குநர்கள். முப்பத்தாறு வயதில் ஒருவழியாக பீலெஃபெல்ட் நகர அரங்கில் கதாநாயகி வேடம் கிடைத்தது. இரண்டாம் பாதியில் அவளுக்கென்றே ஒரு பாட்டு. அதை அம்மா ஒருதரம் கேட்டுவிட வேண்டும். மற்ற எவர் கேட்டாலென்ன, கேட்காவிட்டாலென்ன. அம்மா புஷ்பமலர் இதுவரை அவளுடைய ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை.

சிக்கல் நேரத்தில் இருந்தது. அட்டையில் ஐந்து மணி என்று அடித்த கலியாணத்துக்கு ஏழரைக்குப் போனால்தான் மரியாதை என்று நம்புகிற சனம் இது. புஷ்பமலர் தன் சொந்தக் கலியாணத்துக்கே பிந்தியவர். ஜெர்மன் அரங்கோ மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடும். ஆகவே எட்டு மணி நாடகத்தை ஐந்தரை என்று வீட்டில் சொல்லிவைத்த அஞ்சலா, தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஏழரைக்கு முகப்பூச்சோடு முன்கூடத்தை எட்டிப் பார்த்தாள். காஞ்சிபுரம் சேலையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பா நல்ல நித்திரை. அம்மாவின் தம்பி றெக்ஸ் கார்த் திறப்பை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"இப்பவோ வந்தனீங்கள், மாமா?"

"ஐஞ்சுக்கே வந்திட்டம், இஞ்சை எட்டுக்குத்தான் தொடக்கமாம். அக்கா பிந்த விட்டாவே? எனக்குப் பத்து மணிக்கு முதியோர் இல்லத்திலை இரவு வேலை, பிள்ளை. எட்டரைக்கு வெளிக்கிட வேணும்."

எட்டரைக்கு முதல் பாதியே முடிந்திராது. வேறு வழியில்லாமல் அஞ்சலா உண்மையைச் சொன்னாள்.

"நீங்கள் பிந்தித்தானே வருவியள் எண்டு நான்தான் நேரத்தை மாத்திச் சொன்னனான், அம்மா."

புஷ்பமலர் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலியாணவீட்டுக்குப் பிந்தலாம், சோறு இருக்கும். விசா அலுவலகத்திலை நேரம் குறிச்சுத் தந்த டெர்மினுக்கு நான் ஒருநாளாவது பிந்தினனானோ? இது உன்ரை வேலையெல்லோ. ரெண்டும் எனக்கு ஒண்டெண்டு நினைச்சியோ?"

அம்மா தன் தொழிலை மதிப்பதில்லை என்று கண்ட இடமெல்லாம் பேட்டி கொடுத்தவள் அஞ்சலா. யார் யாரை மதிக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. நீங்கள் றெக்ஸோடை போங்கோ," என்று கணவரை உலுப்பினார் புஷ்பமலர். "நான் இருந்து பிள்ளையின்ரை பாட்டைக் கேட்டிட்டு றெயினிலை வாறன்."

பிறகு மகளிடம் திரும்பினார்.

"நிண்டு அழாதை, பூச்செல்லாம் கரையுது. போ, உனக்கு நேரமாகுது."