தம்பிக்குக் கொடுத்த மஜ்ஜை

அறிவியல் டீச்சருக்கு ஒரே தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். வீட்டில் அவனுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்காவின் எலும்பு மஜ்ஜை அச்சாகப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னதும், அவள் மறுபேச்சு பேசாமல் சம்மதித்தாள்.

“அக்கா, உன் மஜ்ஜை ஏறினா எனக்கும் வாத்தியார் புத்தி வந்துடுமா?” மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி கேட்டான்.

“வரட்டுமே. அப்பவாவது உருப்படுவே.”

“சரி, உன் செல்லு எனக்குள்ள வந்து என்ன பண்ணும்? உன் கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.”

அவள் போர்வையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். “செல்லுக்குள்ள குரோமோசோம்னு நூல் மாதிரி இருக்கும். உடம்புக்கு வேண்டிய குறிப்பெல்லாம் அதுலதான். செல்லு பிரியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நூலும் ரெண்டாயிடும். எல்லாம் நடுவுல வரிசையா நிக்கும். அப்புறம் ஜோடி பிரிஞ்சு, ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போகும். கடைசியில செல்லே ரெண்டாயிடும். ரெண்டும் ஒரே மாதிரி.”

“எனக்குள்ள வந்தும் என்னைத் திட்ட வேண்டாம்னு அதுங்ககிட்ட சொல்லி அனுப்பு.”

இருவரும் சிரித்தார்கள்.

மஜ்ஜை ஏற்றினார்கள். தினமும் காலையில் அவள் நர்ஸின் முகத்தையே பார்ப்பாள். ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறவேயில்லை. “மஜ்ஜை இன்னும் உடம்புல பிடிக்கலை” என்று சொல்லிவந்த டாக்டர், ஒருநாள் அதையும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். பிறகு காய்ச்சல் கண்டது. தம்பி கண்ணை மூடிவிட்டான்.

நான் கொடுத்ததில்தான் ஏதோ கோளாறு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அப்படியில்லையென்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் ஆறவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய வாரம் செல் பிரிதல் பாடம். “வேற யாராவது எடுக்கட்டும்மா” என்றார் தலைமையாசிரியை. அவள் கேட்கவில்லை.

பாடம் தடங்கலில்லாமல்தான் போனது. முன்வரிசைப் பெண் எழுந்து கேட்டாள்: “டீச்சர், செல்லு நல்லாத்தான் இருக்கு, ஆனா பிரியவே இல்லேன்னா?”

“சில சமயம் அப்படியும் ஆகும்மா.”

“ஏன் டீச்சர்?”

“தெரியலை. நானும் எல்லாரையும் கேட்டுட்டேன்.” குரல் உடைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நான் கேட்டது தப்பா டீச்சர்?” அந்தப் பெண்ணுக்கும் அழுகை முட்டியது.

“இல்லடா கண்ணு. கேக்க வேண்டிய கேள்விதான்.”

அன்று பாடம் அத்தோடு நின்றது. மீதியை மறுநாள் அவளே எடுத்தாள்.