இடைவெளிக்கான காரணம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்தவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். எழுந்திருக்கும் எண்ணமே வரவில்லை. கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். அவளுக்காக அவன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கான வேதியியல் பட்டப்படிப்புக்கு. பல்கலைக்கழகத்தின் இணையதளம் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். அடுத்த வருடம் என்றால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்று அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கு இல்லை.

தம்பி இந்த வித்தையில் கரைகண்டவன். விண்ணப்பம் தயார் செய்து கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்றில் அவன்தான் பெரிய ஆள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு என்றோ பால் ஊற்றிய பிள்ளையை விலங்கு நல ஆர்வலராக்கிவிடுவான். பெற்றவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

"அக்கா, ப்ளீச் எவ்வளவு கலக்கணும்னு நீதானே முடிவு பண்ணுவ?"

"அதெல்லாம் மிஷினே எடுத்துக்கும். நான் துணியைப் போட்டு பட்டனை அமுக்குவேன்."

"சரி, வேதிப்பொருட்களைக் கையாள்வதில் நீண்ட அனுபவம்னு போடுறேன்."

"பட்டனைக் கையாள்வதுலன்னு போடு."

அவன் சிரிக்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் ஐயாவுக்குச் சிரிப்பு வராது. அவளும் விட்டுவிட்டாள். வாதாடத் தெம்பில்லை. பழைய மதிப்பெண் பட்டியலை அவன் ஸ்கேன் செய்தபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேதியியலில் பள்ளிக்கே அவள்தான் முதல். அந்தத் தாளைப் பார்த்ததும் மனசுக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, கூடவே கொட்டாவியும் வந்தது.

அடுத்த கட்டத்தில்தான் வண்டி நின்றது. பள்ளிப் படிப்புக்குப் பிறகு இடைவெளி இருந்தால் அதற்கான காரணத்தைச் சுருக்கமாக எழுத வேண்டுமாம்.

தம்பி யோசிக்கக்கூட இல்லை. 'குடும்பச் சூழ்நிலை' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தான்.

"இருடா. அது என்ன குடும்பச் சூழ்நிலை?"

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா போடுவோம். பாக்குறவங்க புரிஞ்சுப்பாங்க."

"எனக்குப் புரியலையே. அப்பா போனப்புறமும் எனக்கு காலேஜ்ல சீட் இருந்துச்சு. நான்தான் போகல. போயிருந்தா நீ ஸ்கூலை விட்டிருக்கணும்."

"தெரியும்க்கா. ஆனா அதை எழுதினா புலம்புற மாதிரி இருக்கும். அட்மிஷன் கமிட்டிக்குப் புலம்பினா பிடிக்காது."

தெரியும் என்று எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டான். இத்தனை வருடமும் அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவனுக்கு உள்ளுக்குள் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு நடந்திருக்கிறாள். இப்போது பார்த்தால், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் பூசி மெழுகிக் கொடுக்கும் அதே இரண்டு வார்த்தைதான் அவளுக்கும். அது அவளுக்கு வலித்தது. கோபப்படலாம்தான், அதற்கும் தெம்பு வேண்டுமே.

"பூனைக்குப் பால் ஊத்தினதுக்குப் பத்தி பத்தியா எழுதுற," என்றாள், குரலை உயர்த்தாமல். "உன்னைப் படிக்க வச்சதுக்கு ரெண்டு வார்த்தைதானாடா?"

ஊருக்கெல்லாம் வார்த்தை அளந்து கொடுக்கிறவன், தட்டியிருந்த இரண்டு வார்த்தையையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு உடனே தோன்றியது. வாளித் தண்ணீரும் ஆறிப்போயிருந்தது. "எதையாவது போட்டு அனுப்பு. நேரம் ஆகுது," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. இவ்வளவு தடுமாறி அவன் எதையும் எழுதி அவள் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

'அப்பா இறந்தபோது எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. தம்பி பள்ளியில் இருந்தான். அவன் படிக்கட்டும் என்று நான் வேலைக்குப் போனேன். அவன் படித்து முடித்தான். இதற்காக அவன் எனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.'

அவள் படித்தாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி வரி கமிட்டிக்கு எதுக்குடா? அதை எடுத்துடு."

தலையை நிமிர்த்தாமலே அவன் அதை அழிக்க விரலை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இன்னொரு தடவை படிச்சுக்கறேன், அப்புறம் எடு."